பெயின்ட் கொப்பளிக்குதா? பழைய காரில் துருவை பட்டி பூசி மறைக்காதீங்க!

1960-களில் சென்னையில் தயாரானது ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’. 1962-ல் பிரிட்டனில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் சேஸியைச் சுருக்கி உருவானதுதான். இரண்டுக்கும் பொது எதிரி, துரு.

ஏன் வருது?
இரும்பு, ஆக்ஸிஜன், ஈரம் மூணும் சேர்ந்தா துரு. அய்யனார் கோவில் மாதிரி மலையடிவாரத்தில் மழையில் நனைந்த காரை அப்படியே கவர் போட்டு மூடினா, ஈரம் உள்ளேயே தங்கிடும். கடலோரம்னா உப்பும் சேர்ந்து வேகத்தைக் கூட்டும்.

எங்கே பார்க்கணும்?
தரைத் தகடு, வீல் ஆர்ச், சேஸி, கதவுக்குக் கீழே இருக்கும் ‘சில்’. ஸ்பிட்ஃபயரில் பாடியின் பலமே சில்லில்தான் இருக்கு. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் பாடி வளைந்து, கதவு சரியாக மூடாது.

எப்படி சரிசெய்வது?
மேல்துருன்னா, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம். ஓட்டைன்னா, நல்ல தகடு வரை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்யணும். வெறும் பட்டி பூசினா அடியில் துரு தொடரும். வேலை முடிந்ததும் உட்புறப் பொந்துகளில் மெழுகுப் பூச்சு அவசியம்.

இதையும் கவனிங்க
2021 மத்திய விதிப்படி, ‘வின்டேஜ்’ பதிவுக்கு வண்டி 50 வயதைத் தாண்டியிருக்கணும். சேஸி, பாடியில் மாற்றமும் செய்திருக்கக் கூடாது. அதனால் வெட்டும் முன் போட்டோ எடுத்து, பழைய அளவிலேயே தகடு போடச் சொல்லுங்க.