மொடியூலும் முன்னோட்டப் பதிப்பும்

கட்டளைகளை எழுத்து வடிவிற் பெற்றுக் கணினியைத் தொழிற்படுத்தும் மென்பொருளை ஷெல் என வழங்குவர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தார் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர்ஷெல் அவ்வகையினது. ஒரு பணிக்குரிய கட்டளைகளை ஒருங்கு தொகுத்து, வேண்டியபோது ஏற்றிக்கொள்ளுமாறு ஆக்கப்பட்ட பகுதி மொடியூல் எனப்படும். ஷெல்லின் புதிய பதிப்பு முற்றுப்பெறுமுன் சோதனைக்கென வெளிவருவது முன்னோட்டப் பதிப்பாகும். நேற்றுவரை பழுதின்றித் தொழிற்பட்ட மொடியூலொன்று முன்னோட்டப் பதிப்பிற் செயலற்றுப் போமாயின், குற்றம் எதன்கண் உளதென எங்ஙனம் துணிவது? அதனை ஈண்டு ஆராய்வாம்.

பவர்ஷெல் தனித்து நிற்பதொன்றன்று. டொட்நெற் என்னும் அடித்தளத்தின்மேல் நிற்பது. வின்டோஸுடன் வரும் 5.1 ஆம் பதிப்புப் பழைய டொட்நெற் பிரேம்வேர்க்கின் மேலது. 2018 இல் வெளிவந்த 6.0, வின்டோஸ், லினக்ஸ், மக்ஓஎஸ் ஆகியவற்றுக்குப் பொதுவான டொட்நெற் கோரின் மேல் அமைந்தது. பின்னர் 7.0 டொட்நெற் கோர் 3.1 இன் மேலும், 7.1 டொட்நெற் 5 இன் மேலும் அமைந்தன. எனவே ஷெல்லின் பதிப்பு மாறுங்கால் அடித்தளமும் உடன்மாறுதல் உண்டு.

இதற்கு வின்டோஸின் அப்எக்ஸ் மொடியூல் தக்க சான்றாகும். 7.0 இல் நேரே ஏறிய அம்மொடியூல், 2020 நவம்பரில் வெளிவந்த 7.1 இல் ஏற மறுத்தது. இவ்வியங்குதளத்தில் இச்செயலுக்கு ஆதரவில்லை என்ற பொருள்பட ஓர் அறிவிப்பே தோன்றிற்று. காரணம் யாதெனின், அம்மொடியூல் சார்ந்திருந்த வின்ஆர்ரி ஆதரவு டொட்நெற் 5 இலிருந்து நீக்கப்பட்டமையேயாம். மொடியூலை மட்டும் நோக்கியவர்க்கு இக்காரணம் புலப்பட்டிராது.

அடித்தளத்தின் மாற்றம் ஒரு காரணம். மொடியூல் தன்னுடன் கொணரும் டி.எல்.எல். கோப்பு, அதே பெயரில் முன்னரே ஏற்றப்பட்ட வேறொரு பதிப்புடன் முரணுதல் மற்றொரு காரணம். ஷெல்லிலேயே நேர்ந்த வழு மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்தறிய, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிச் சோதித்தல் வேண்டும்.

முன்னோட்டப் பதிப்பை நிலைபெற்ற பதிப்பின் அருகே, அதனை அகற்றாமலே நிறுவலாம். இரண்டையும் புதிதாகத் திறந்து, தொடக்கத்தில் தானாக இயங்கும் புறொபைல் கோப்பை விலக்கி, மொடியூலைத் தனியே ஏற்றுக. இரண்டிலும் தவறுமாயின் முன்னோட்டப் பதிப்பின்மேற் பழிசுமத்தல் தகாது. தனியே ஏற்றுங்கால் இயங்கிப் பிற மொடியூல்களோடு ஏற்றுங்கால் தவறுமாயின் கோப்பு முரணையே முதலில் ஐயுறல் வேண்டும். முன்னோட்டத்தில் தனியே ஏற்றும்போதும் தவறினால் அடித்தளத்தையும் ஷெல்லையும் ஆராய்க. கெற்-எரர் என்னும் கட்டளை, சுருங்கிய அறிவிப்பின் பின்னே மறைந்துள்ள மூலப்பிழையை விரித்துக் காட்டும்.

இடைக்காலப் பரிகாரமும் ஒன்றுண்டு. இம்போட்-மொடியூல் கட்டளையோடு யூஸ்வின்டோஸ்பவர்ஷெல் என்னும் தெரிவைச் சேர்த்தால், மொடியூல் பின்னணியில் 5.1 ஆம் பதிப்பிலே இயங்கும். இது வின்டோஸில் மாத்திரமே இயலும். ஆயினும் திரும்பிவரும் பொருள்கள் மூலப்பொருள்களின் பிரதிகளே. பண்புகள் எஞ்சும், அவற்றுக்குரிய செயல்முறைகள் பெரும்பாலும் எஞ்சா. மொடியூல் ஏறிற்று என்று மகிழ்ந்தவர், அச்செயல்முறைகளை அழைக்கும் நிரல் இடைவழியில் முறியக் காண்பர். ஆதலின் ஏறியதை மாத்திரமன்றிப் பயனையும் சோதித்தல் இன்றியமையாதது.

இரவுதோறும் காப்புப்பிரதி எடுக்கும் கணினியை முன்னோட்டப் பதிப்பிடம் ஒப்படைத்தல் விவேகமன்று. அதற்கெனச் சோதனைக் கணினியொன்று வேண்டும். அங்கே கண்ட வழுவைப் பதிப்பெண், மொடியூலின் எண், பிழையை மீளத் தோற்றுவிக்கும் மிகக் குறுகிய கட்டளை என்பவற்றுடன் ஆக்கியோர்க்கு அறிவித்தல் கடன். பதிப்பு முற்றுப்பெறுமுன் திருத்தல் எளிது. முற்றுப்பெற்றபின் அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பலவாதலின், திருத்தமே புதியதொரு முறிவாகவும் கூடும். முன்னோட்டத்தின் பயன் அவ்விடைக்காலத்திலேயே உளது.