படகு நின்ற இடத்தில் பிறந்த தலைநகர்

சென்ற வாரக் கலந்துரையாடலில் பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "பெரிய மழை வந்தாலே தண்ணீர் ஏறுகிறது. இந்த இடத்திலா தலைநகரைக் கட்டுவார்கள்? அந்தக் காலத்து ஆள்களுக்கு யோசனையே இல்லையா?" அரங்கில் சிரிப்பு எழுந்தது. நேரமில்லாததால் நானும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தவறு. பதிலை இங்கே சொல்கிறேன்.

கோலாலம்பூரைத் தலைநகராக நினைத்து யாரும் கட்டத் தொடங்கவில்லை. 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம்வரைதான் படகு வந்தது. அதற்கு மேல் ஆழமில்லை. இறங்கி, காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரு மாதத்திற்குள் பெரும்பாலோர் மலேரியாவுக்குப் பலியானார்கள். இருந்தும் ஈயம் கிடைத்தது. சுரங்கத்துக்கு அரிசி மேலே போக வேண்டும், ஈயம் கீழே இறங்க வேண்டும். இரண்டும் கைமாறிய படகுத்துறையில் கடைகள் முளைத்தன. இன்றைய மேடான் பாசார் வட்டாரம்தான் அது.

(பெயரிலும் ஒரு புதிர் உண்டு. 'கோலா' என்று தொடங்கும் ஊருக்கு, வந்து சேரும் சிற்றாற்றின் பெயரை வைப்பதுதான் வழக்கம். அப்படியானால் இது கோலா கோம்பாக் ஆகியிருக்க வேண்டும். 'லும்பூர்' என்ற சேறு எப்படி வந்தது என்று இன்னும் வாதம் நடக்கிறது.)

படகு நிற்பதற்கு வசதியான இடம், வெள்ளம் நிற்பதற்கும் வசதியானது. மலையில் பெய்யும் மழை இரண்டு ஆறுகளிலும் ஒரே நேரத்தில் இறங்கி, தட்டையான நிலத்தில் வந்து மோதுகிறது. போதாததற்கு, ஈயம் அலசிய மணல் ஆற்றில் படிந்து படுகையை உயர்த்தியது. 1881 ஜனவரியில் ஊர் எரிந்தது, டிசம்பரில் மூழ்கியது. மீண்டும் அங்கேயே கட்டினார்கள்.

ஏன் இடம் மாறவில்லை? மாறிய ஊரும் உண்டு. சிலாங்கூர் ஆற்றோரம் இருந்த கோலகுபு, வெள்ளமும் சுரங்க மணலும் தாங்காமல் மேட்டுக்குப் பெயர்ந்து கோலகுபு பாரு ஆனது. கோலாலம்பூரால் அது முடியவில்லை. 1880-இல் சிலாங்கூர் நிர்வாகம் கிள்ளானிலிருந்து இங்கே வந்துவிட்டது. 1886-இல் ரயிலும் வந்தது. ரயிலுக்குச் சமதரை வேண்டும் என்பதால் தண்டவாளமும் ஆற்றுப் பள்ளத்தாக்கையே பிடித்துக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் எழுந்தன. ரயில்வே வேலைக்கு வந்த நம்மவர்கள் அங்கும் செந்தூலிலும் குடியேறினார்கள். நம் பாட்டன்மார் அந்தத் தாழ்நிலத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை இருந்த இடம் அது.

ரயில் வந்த பிறகு ஆற்றை யாரும் தேடவில்லை. கட்டடங்கள் அதற்கு முதுகைக் காட்டின. 1926-இலும் 1971-இலும் ஆறு தன் இருப்பை நினைவூட்டியது. ஆற்றை நேராக்கினார்கள், அகலப்படுத்தினார்கள். 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் 'ஸ்மார்ட்' சுரங்கம், வெள்ளத்தை நகர மையத்துக்கு அடியில் சுற்றிக் கொண்டுபோகிறது. பயனுள்ள வேலைதான். ஆனால் சுரங்கம் காப்பது மையத்தை. நகரமோ இதற்குள் அதே பள்ளத்தாக்கில் இறங்கி, ஷா ஆலாம் தாண்டிக் கிள்ளான்வரை போய்விட்டது. அங்கே நிலம் இன்னும் தாழ்வு. கடல் ஏற்றத்தின்போது ஆற்று நீர் எளிதில் வடியாது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமீது ஏறி உதவிக்குக் காத்திருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கேள்வி கேட்ட அந்த அம்மாவின் வீடும் அங்கேதான் இருக்கிறது. ஒளிப்பதிவு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தை மாடிக்கு ஏற்றியவர், இன்னும் கீழே இறக்கவில்லையாம். "வீட்டை விற்கலாம் என்றால், வாங்க யார் வருகிறார்?" என்றார்.