காலை பிரேயரிலிருந்து கடைசி பெஞ்சு வரை

கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பார்கள். ஒன்று, செபம்: காலை பிரேயர், நண்பகலில் மூவேளை செபம், முதல் வெள்ளித் திருப்பலி, அக்டோபர் மாதச் செபமாலை. இன்னொன்று, சமூகப் பணி: தவக்கால உண்டியல், முதியோர் இல்லத்துக்குப் போய்வருவது, வெள்ளம் வந்தால் அரிசியும் துணியும் திரட்டுவது. முதலாவது கடவுளுக்கு, இரண்டாவது ஏழைகளுக்கு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் பலர். திருச்சபையின் போதனை அப்படிப் பிரிப்பதில்லை. அதற்கான காரணத்தையும், பள்ளிக்குள் இரண்டும் எப்படி இணைகின்றன என்பதையும் பார்ப்போம்.

தவக்காலம் சொல்லித்தருவது

தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். ஈகை, செபம், நோன்பு மூன்றையும் ஊர் பார்க்கச் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் வருகிறது. ஒருபுறம் நோன்பு இருந்துகொண்டு மறுபுறம் வேலையாட்களை வதைப்பவர்களை இறைவாக்கினர் அங்கே கண்டிக்கிறார். ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்கிறார்.

ஒரே வாரத்தில் வரும் இந்த இரண்டு வாசகங்களும் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தும். எந்த வகுப்பு உண்டியலில் அதிகம் சேர்த்தது என்று மேடையில் அறிவித்துப் பரிசு கொடுத்தால், கொடுக்க வழியில்லாத பிள்ளை கூனிக்குறுகிப் போகும். உதவி பெறும் மாணவரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தால், அவருடைய வறுமை எல்லாருக்கும் காட்சியாகிவிடும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று தெரியாமல் உதவி போய்ச் சேர்வதே நற்செய்திக்கு ஏற்ற முறை.

தர்மம் மட்டும் போதாது

பசித்தவருக்குச் சோறு போடுவது தர்மம். அவர் ஏன் பசித்திருக்கிறார் என்று கேட்டு, அந்தக் காரணத்தை மாற்றப் பாடுபடுவது நீதி. இரண்டும் வேண்டும், ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடல், தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் உண்டு என்று பேசியது. 1971இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் உள்ளார்ந்த பகுதி என்று தெளிவுபடுத்தியது. 1973இல் இயேசு சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே, ஸ்பெயினின் வலென்சியாவில், சபை நடத்தும் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களிடம் பேசினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே தங்கள் கல்வியின் நோக்கம் என்ற அவர், நீதிக்காக உழைக்க உங்களைப் பழக்கினோமா என்ற கேள்விக்குச் சபையினர் இல்லை என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். அதன்பின் எத்தனையோ கத்தோலிக்கப் பள்ளிகள் அந்த நோக்கத்தைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டன.

பார், ஆராய்ந்து பார், செயல்படு

நீதிக்காக உழைப்பதை மாணவர்களுக்குப் பழக்க எளிய முறை ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அருட்தந்தை யோசேப் கார்டைன். குருமாணவராக விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் தன்னை அந்நியனாகப் பார்ப்பதைக் கண்டார். திருச்சபைக்கும் உழைப்பாளிகளுக்கும் நடுவே விழுந்திருந்த அந்தப் பிளவை மூடுவதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். 1925இல் அவர் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் மூன்று படிகளில் இயங்கியது: பார், ஆராய்ந்து பார், செயல்படு. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தம் சுற்றுமடலில் இந்த முறையைப் பரிந்துரைத்தார். இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் வழியாக இது பள்ளிகளுக்கும் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி தாமதமாக வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தீர்வு, வெளியே நிற்கவைப்பது. இந்த முறையில் பழகிய தோழிகள் முதலில் பார்ப்பார்கள். அவள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதே காலை எட்டு மணிக்கு. அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறார். குடம் பிடிக்க அவளை விட்டால் ஆளில்லை. அடுத்து ஆராய்வார்கள். இது அவளுடைய குற்றமா? லாரியின் நேரத்தை முடிவுசெய்வது யார்? இந்த இடத்தில்தான் நற்செய்தியை வாசித்துச் செபிப்பார்கள். இயேசு அவளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுக்கொள்வார்கள். பிறகு செயல். தலைமையாசிரியரிடம் பேசி அவளுக்குத் தண்டனையில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். தெருப் பெரியவர்களோடு சேர்ந்து லாரியின் நேரத்தை மாற்றக் கோரி மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம். முதலாவது உடனடி உதவி. இரண்டாவது நீதி.

சாதியைப் பேசாமல் முடியாது

தமிழ்நாட்டுப் பள்ளியில் ‘பார்’ என்று சொன்னால் சாதி கண்ணில் பட்டே தீரும். 2003இல் தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்த திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், சாதி வழியிலான பாகுபாட்டை எதிர்க்கும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. திருச்சபைக்குள்ளேயே சாதி இருப்பதால்தான் இவை தேவைப்பட்டன.

சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே சமூகத்தில் பிறந்த இரு மாணவர்களில் இந்துவுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழும், கிறிஸ்தவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழும் கிடைக்கின்றன. இருவரும் அனுபவிக்கும் அவமதிப்பு மட்டும் ஒன்றேதான். மேல்வகுப்பு மாணவர்களோடு இதைப் பேசாத மறைக்கல்வி அரைகுறையானது.

பிற மதத்துப் பிள்ளைகள்

கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பிற மதத்தவர்கள். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தப் பள்ளியும் ஒரு மாணவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு. அதனால்தான் கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கிறது. சட்டத்துக்காக மட்டுமல்ல, மனசாட்சியின் சுதந்திரத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் வலியுறுத்துவதால் பள்ளிகள் இதை மனமுவந்து கடைப்பிடிக்க வேண்டும். நீதிக்கான பணியிலோ இப்படிப் பிரிப்பதற்கே இடமில்லை. மனு எழுதும் மேசையில் எல்லாரும் சேர்ந்து உட்காரலாம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியரான சிஸ்டரிடமோ ஃபாதரிடமோ இவற்றைக் கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளையை மற்றவர்களுக்குத் தெரியாமல் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? துப்புரவுப் பணியாளருக்கும் தற்காலிக ஆசிரியருக்கும் நியாயமான சம்பளம் தருகிறீர்களா? மாணவர் தலைவர்களையும் பாடகர் குழுவையும் தேர்ந்தெடுக்கும்போது எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கிறதா? இவை பள்ளியைக் குறைசொல்லும் கேள்விகள் அல்ல. அந்தப் பள்ளி தினமும் சொல்லும் செபத்திலிருந்தே எழுபவை. நேர்மையாகப் பதில் சொல்லும் பள்ளியில் உங்கள் பிள்ளை விசுவாசத்தை வாழ்ந்து காட்டுகிறவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளும்.