கிருமியை முந்தும் மருந்து

கேமரன் மலையின் திரிங்காப் ஆனாலும் சரி, கோலாலம்பூர் ஆனாலும் சரி, அரசாங்க கிளினிக்கில் பதிவு செய்யும் கர்ப்பிணிக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. அதில் எச்.ஐ.வி. சோதனையும் ஒன்று. மலேசியாவில் இது 1998-இல் தொடங்கியது.

சிகிச்சை இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குக் கருவிலோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பால் வழியாகவோ கிருமி தொற்றலாம்.

இக்கிருமி நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும், தன் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்கும். அது உயிரணுவின் டி.என்.ஏ.வோடு இணைந்துவிட்டால், இன்றுள்ள மருந்துகளால் அதை நீக்க முடியாது. ஆகவே அதற்கு முன்பே தடுக்க வேண்டும். சிடோவுடின் என்ற மருந்து, டி.என்.ஏ.வைக் கட்டும் ஒரு 'செங்கல்' போலவே இருக்கும். கிருமி ஏமாந்து அதைச் சேர்த்தால், அடுத்த செங்கல் அதன்மேல் ஒட்டாது. கட்டுமானம் பாதியில் நின்றுவிடும்.

தாய் கர்ப்ப காலத்திலேயே கூட்டு மருந்து உட்கொண்டால், அவர் இரத்தத்தில் கிருமி வெகுவாகக் குறையும். குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே சிடோவுடின் சிரப் தொடங்கி, சில வாரங்கள் கொடுப்பார்கள்.

2018-இல் உலகச் சுகாதார நிறுவனம், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாமே முதல் நாடு. ஒழிப்பு என்றால் பூஜ்யம் அல்ல. தொற்று மிக அரிதாகிவிட்டது என்றே பொருள். அந்நிலை நீடிக்க, ஒவ்வொரு கர்ப்பிணியும் தொடக்கத்திலேயே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும்.