வாடையிலிருந்து எண்ணுக்கு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை முழுக்கச் சாலையில்தான் இருக்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பெரியவர்களும் குழந்தைகளும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பார்கள். வேலூர், செங்கம், திருக்கோவிலூர் சாலைகளில் விடிய விடிய பஸ்ஸும் வேனும் வந்து ஆட்களை இறக்கும். நெடுந்தூரம் ஓட்டிவந்த டிரைவர் குடித்திருக்கிறாரா என்ற கேள்வி, இப்படி நடப்பவர்கள் நிறைந்த ஊரில் உயிர் சம்பந்தப்பட்டது. அதைக் கண்டுபிடிக்கும் முறை இரண்டு தலைமுறைக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது.

மதுவிலக்கு வந்த காலத்தில் இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் வட ஆற்காட்டுக்கும் வந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. குடித்ததே குற்றமாக இருந்த காலம் அது. பிடிபட்டவரை டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். அவர் வாயை முகர்ந்து பார்ப்பார், கண் சிவந்திருக்கிறதா, பாப்பா விரிந்திருக்கிறதா என்று கவனிப்பார், பேச்சு குழறுகிறதா என்று கேட்பார், நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். பிறகு சான்றிதழ் எழுதுவார். ‘மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை’ என்ற வாசகம் அந்தச் சான்றிதழ்களில் சாதாரணம். வழக்கறிஞர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே வாதாடினார்கள்.

அந்த முறை எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு பெசிகாகா வழக்கைப் படிக்க வேண்டும். 1951 மே மாதம் பம்பாயில் பெசிகாகா ஓட்டிய ஜீப் மூன்று பேர் மீது மோதியது. அவரே அந்த நகரத்தின் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. வாயில் வாடை அடித்தது. ஆனால் நேர்கோட்டில் நடந்தார், தெளிவாகப் பேசினார். ஆல்கஹால் கலந்த டானிக் குடித்தேன் என்றார். 1954இல் உச்ச நீதிமன்றத்தில் அவருடைய மதுவிலக்குத் தண்டனை ரத்தானது. அடிபட்டவர்களை நினைத்தால் எனக்கு அந்தத் தீர்ப்பு கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மூக்கை மட்டும் நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்பதும் நியாயமே. வாடை, தள்ளாட்டம், விரிந்த பாப்பா ஆகியவை போதா, ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ வேண்டும் என்று 1971இல் பச்சுபாய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறந்தன. இடையில் மூடி, 1981இல் மீண்டும் திறந்தார்கள்.

1989 ஜூலை 1இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 30இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. துளி மது இருந்தாலும் குற்றம் என்றுதான் அந்தச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதலில் சொன்னது. 1994 திருத்தத்தில் எண் வந்தது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல். அதன் பிறகு நேர்கோட்டு நடைக்கு மதிப்புக் குறைந்தது. ‘கொஞ்சம் ஊதுங்க’ என்று போலீஸ்காரர் கருவியை நீட்டுகிறார், எண் தெரிகிறது. ஸ்டெடியாக நிற்கிறேன் என்பதெல்லாம் எடுபடாது. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே. தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த அபராதம் 2022 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. மற்ற விதிமீறல்களைப் போல ஸ்பாட்டிலேயே பணம் கட்டிவிட்டுப் போக முடியாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003இலிருந்து சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. அதன் மூல வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது, வழக்கறிஞர் கே. பாலு தொடுத்தது. அடுத்த ஆண்டே அந்தத் தூரம் சிறிய ஊர்களுக்கு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைகளுக்கும் விலக்கு வந்தது. ஒருபுறம் விற்றுவிட்டு மறுபுறம் ஊதச் சொல்கிற அரசுக்கு, ஊதும் முறையாவது பிழையில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கூடுதலாக உண்டு.

கருவியும் தவறு செய்யும். மூச்சில் உள்ள ஆல்கஹாலை எரிபொருள் கலம் மின்னோட்டமாக மாற்றுகிறது. அதிலிருந்து ரத்த அளவைக் கணக்கிடுகிறார்கள். 2,100 மில்லி மூச்சிலும் 1 மில்லி ரத்தத்திலும் ஆல்கஹால் சமம் என்பது அந்தக் கணக்கு. நிஜத்தில் ஆளுக்கு ஆள் அது மாறும். வாயில் தங்கிய ஆல்கஹால் எண்ணை ஏற்றிவிடும். 2025 ஜூலையில் கேரளத்துப் பந்தளம் பஸ் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்கள் பரிசோதனையில் சிக்கினார்கள். பழுத்த பலாச்சுளை சாப்பிட்டதுதான் காரணம் என்று தெரிந்தது. வாய் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் இந்த வகைப் பிழை பெரும்பாலும் விலகிவிடும்.

சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. கருவி மத்திய அரசு அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. ரத்தப் பரிசோதனைக்கும் வழி உண்டு. காரணமில்லாமல் ஊத மறுத்தால் 205ஆம் பிரிவின்படி அந்த மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளலாம். நல்ல வக்கீல் இவற்றைத்தான் கேட்பார். அது குடிகாரனைக் காப்பாற்றும் வேலை இல்லை. போலீஸை ஒழுங்காக வேலை செய்ய வைக்கிற வேலை. அன்று பெசிகாகாவுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வசதி இருந்தது. இன்று வாடகை வேன் டிரைவருக்கு நான்கு வாய்தா வந்துபோவதைவிட ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது மலிவாகத் தெரிகிறது. நியாயமான சந்தேகம் உள்ள வழக்கும் அப்படியே முடிந்துபோகிறது.

நடந்து வரும் கூட்டத்தின் பாதுகாப்புக்காகப் பௌர்ணமி தோறும் சோதனை இன்னும் அதிகமாக வேண்டும் என்றே கேட்பேன். ஆனால் ஊதுவதற்கு முன் போலீஸ்காரர் கருவியில் பூஜ்ஜியத்தைக் காட்டட்டும். ஒவ்வொருவருக்கும் புதுக் குழாய் மாட்டட்டும். எண் 30ஐத் தாண்டினால் 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்லட்டும். இரண்டு எண்ணையும் அச்சிட்ட சீட்டைக் கையில் கொடுக்கட்டும், தமிழில்.