10-க்கு 7 அடி ரூமில் 3 பேர்! பிஜி கரும்பு ஆலை கதை

பிஜி தீவில் ராக்கிராக்கி என்ற ஊரில் இருந்தது பினாங்கு சர்க்கரை ஆலை.

பிஜி கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை இந்தியாவில் இருந்து சுமார் 60 ஆயிரம் பேர் கப்பலில் கொண்டு போகப்பட்டனர். 1903 முதல் சென்னை வழியாக தமிழர்களும் போனார்கள்.

5 வருட 'அக்ரிமென்ட்' பேச்சு வழக்கில் 'கிர்மிட்' ஆனது. 10-க்கு 7 அடி ரூமில் 3 ஆண்கள் அல்லது ஒரு குடும்பம். நாள் கூலி ஆணுக்கு 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். சொன்ன வேலை முடியாவிட்டால் அதுவும் கட்!

1920-ல் ஒப்பந்த முறை ஒழிந்தது. பலர் ஊர் திரும்பாமல், குத்தகை நிலத்தில் கரும்பு போட்டனர்.

2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பினாங்கு ஆலையை சிதைத்தது. அதோடு அரவை நின்றது. கரும்பு லாரியில் பா நகர ஆலைக்கு போனது. வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும். நஷ்டம் விவசாயிக்குத்தான்.