காதை அடைத்துக்கொண்டு பாடுவது எப்படி?

ராஜபாளையத்து நூற்பாலைகளில் ரிங் ஃபிரேம் ஓடும் கூடத்தில் ஒரு சேதி சொல்ல வேண்டுமானால் காதோரம் போய்க் கத்த வேண்டும், இல்லையென்றால் கைஜாடை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் பிழைப்பில் இரைச்சலுக்கும் ஒரு பங்கு உண்டு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சம் என்கின்றன நம் தொழிற்சாலை விதிகள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இன்னும் கண்டிப்பு: 85-தான் எல்லை, அதற்குமேல் 3 டெசிபல் கூடக்கூட அங்கே நிற்கலாம் என்கிற நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம். இதற்குத் தொழிலாளி கையில் இருக்கும் மலிவான தற்காப்பு, காதில் செருகும் இயர் பிளக்.

அதே ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்கு இன்னிசைக் கச்சேரி நடக்கும்போது பாடகர் காதில் செருகியிருப்பதும் அடிப்படையில் ஓர் இயர் பிளக்தான். உள்ளே விரல்நகத்தைவிடச் சிறிய ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, அவ்வளவே. இன்-இயர் மானிட்டர் என்பது முழுப்பெயர். கச்சேரிக்காரர்கள் பேச்சில் ‘இன்-இயர்’. மேடைச் சத்தத்தை முதலில் அடைத்துவிட்டு, பாடகருக்கு வேண்டியதை மட்டும் உள்ளே விட வேண்டும். எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் விடுவது என்று பார்த்துக்கொள்வது ப்ராசஸர். அது தனிப் பெட்டியாக ரேக்கில் இருக்கலாம்; 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்சருக்குள்ளேயே அடங்கியும் இருக்கலாம். குழுக்கள் காதுக்கருவி வாங்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட இந்த ப்ராசஸரைச் சரியாக அமைப்பதில் காட்டுவதில்லை என்பது என் குறை.

பாடகருக்குத் தன் குரல் ஏன் இவ்வளவு அவசியம்? எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் ஒன்றைப் பதிவு செய்தார். பேசிக்கொண்டிருக்கும் நோயாளியின் காதில் இரைச்சலை விட்டால் அவர் குரல் தானாக உயர்கிறது. இரைச்சலை நிறுத்தினால் இறங்கிவிடுகிறது. உயர்த்தியது அவருக்கே தெரிவதில்லை. மேடையில் ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் பின்னால் இருந்து தள்ளும்போது பாடகரும் இப்படித்தான் தெரியாமலே கத்துகிறார். நாலாவது பாட்டுக்குள் தொண்டை கட்டிவிடும். மைக் பரவலாக இல்லாத நாளில், தென்காசியை அடுத்த செங்கோட்டையைச் சேர்ந்த நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச ஸ்ருதியில் பாடிக் கடைசி வரிசைவரை எட்டினார். அவருக்குக் கவலை கடைசி வரிசை; தன் குரல் தனக்குக் கேட்குமா என்ற கேள்வி எழ வாய்ப்பில்லை, பக்கத்தில் இருந்தது ஆர்மோனியம். ஆம்ப்ளிஃபயர் வந்ததும் நிலைமை தலைகீழ். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்ட ரசிகர்களின் அலறலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இதற்குத்தான் காலடியில் சாய்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் வந்தது. சபா மேடையில் வித்வான்கள் “ஃபீட்பேக் கொஞ்சம் ஏத்துங்க” என்று கேட்பது இதைத்தான். கர்னாடகக் கச்சேரியில் நாலைந்து மைக்கோடு இது ஒழுங்காக வேலை செய்யும். இன்னிசைக் குழுவில் பதினாறு மைக் திறந்திருந்தால் கதை வேறு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய ஒலியில் 3 டெசிபல் போய்விடும். இரண்டு மைக்கில் கிடைத்ததைவிடப் பதினாறு மைக்கில் 9 டெசிபல் குறைவு. அதற்குமேல் கேட்டால் மானிட்டர் மைக்குக்குள் புகுந்து ‘கூ’வென்று ஹவுலிங்.

தெருக் கச்சேரியில் இன்னொரு தொல்லை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் ரத வீதி போல நீண்டு கிடக்கும் தெருவில், மைக் செட்காரர் கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டுவார். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. ஆண்டாள் கோயிலின் 192 அடி ராஜகோபுரத்து அடியிலிருந்து உச்சிக்குப் போய்ச்சேரவே 0.17 விநாடி எடுத்துக்கொள்ளும். 35 மீட்டர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கருக்கு ஒயரில் சத்தம் உடனே போய்விடுகிறது. அங்கிருந்து காற்றில் மேடைக்குத் திரும்பி வர 0.1 விநாடி. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் போகும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை விநாடி; அதில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திய தன் குரலைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். தாளம் இழுக்காமல் என்ன செய்யும்? காதை அடைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அடைப்புதான் எல்லாவற்றுக்கும் முதல். ப்ராசஸரைத் தொடுவதற்கு முன்னால் காதுக்கருவியின் ரப்பரோ ஃபோமோ இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேஸ் கிட்டாரை மட்டும் அனுப்பிக் கேட்டால் தெரிந்துவிடும்: இடைவெளி இருந்தால் அடிநாதம் காணாமல் போகும். பாடகர் உடனே “பேஸ் பத்தல, ஏத்துங்க” என்பார். ஏற்றுவது தவறான மருந்து. ரப்பரின் அளவை மாற்ற வேண்டும். பஞ்சை உருட்டி வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களும் உண்டு. மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருந்தாலும், பஞ்சு தடுப்பது சில டெசிபல்தான். நன்றாகப் பொருந்திய இன்-இயர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்கும்.

அடுத்தது, ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் அடக்கும் லிமிட்டர். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ப்ராசஸருக்குள் நான் இதற்கே முதலிடம் கொடுப்பேன். காதுக்கருவிகளில் பல, ஒரு மில்லிவாட் மின்திறனுக்கே 110 டெசிபல் போல ஒலி எழுப்புபவை. பத்து மில்லிவாட் போனால் 120. யாராவது மைக்கைக் கீழே போட்டாலோ, கீபோர்டு ஒயரைப் பிடுங்கினாலோ அந்த ‘டொம்’ நேரே செவிப்பறைக்குப் போகிறது. காதுக்குள்ளேயே ஒரு காவல் உண்டு: உடம்பின் மிகச் சிறிய எலும்பான அங்கவடியைப் பிடித்திழுத்து ஒலியைக் குறைக்கும் ஸ்டேபீடியஸ் என்ற தசை. ஆனால் அது இறுகி வேலை செய்ய விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். ‘டொம்’ அதற்குள் உள்ளே போய்விட்டிருக்கும். ஒரு காதில் உள்ள ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஆகவே பாடகர் இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் ரிசீவரான பெல்ட் பேக்கில் ஒலியளவை முழுதாகத் திருகி வைத்து, அந்த நிலையிலும் தாங்கக்கூடிய உச்சம் எதுவோ அங்கே லிமிட்டரின் கூரையைப் போட வேண்டும். விகிதம் முடிவிலிக்கு ஒன்று. கூரையைத் தாண்டி ஒரு டெசிபல்கூடப் போகக் கூடாது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ரேக்கில் உள்ள லிமிட்டர், தன்னைக் கடந்து போகிற ஒலியைத்தான் காவல் காக்கும். வயர்லெஸ் அலை அறுந்து பெல்ட் பேக்கிலேயே ‘கர்ர்’ என்று ஒரு வெடிப்பு பிறந்தால் ரேக்குக்கு அது தெரியவே தெரியாது. பெல்ட் பேக்கின் உள்ளேயும் லிமிட்டர் உள்ள கருவியாக வாங்குங்கள், அதை அணைத்துவிடாமலும் இருங்கள்.

மூன்றாவது, பிந்துதல். டிஜிட்டல் கருவி எதுவும் ஒலியை எண்ணாக்கி, மறுபடி ஒலியாக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். எக்ஸ்32 மிக்சர் சுமார் 0.8 மில்லி விநாடி. முன்கூட்டிப் பார்த்து அடக்கும் லிமிட்டர் ஒன்றோ இரண்டோ கூட்டும். டிஜிட்டல் வயர்லெஸ் இன்னும் சில. கீபோர்டுகாரருக்கு இது பொருட்டே அல்ல. பாடகர் நிலை வேறு, ஏனென்றால் அவர் குரல் இரண்டு வழியில் அவருக்கு வந்து சேர்கிறது: மண்டையெலும்பு வழியாக உடனே, காதுக்கருவி வழியாகச் சற்றுப் பிந்தி. இரண்டும் கலக்கும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். 2 மில்லி விநாடி பிந்தினால் முதல் பள்ளம் 250 ஹெர்ட்ஸில் விழும். குரலின் நடுவயிறு அது. காதை அடைத்தவுடன் எலும்பு வழிக் குரலின் அடிப்பகுதி வேறு குடத்துக்குள் பேசுவதுபோல் பெருத்துக் கேட்கும். ஷூர் நிறுவனத்தின் மைக்கேல் லெஸ்டரும் ஜான் போலியும் 2007-இல் ஒலிப் பொறியியல் சங்க மாநாட்டில் சமர்ப்பித்த ஆய்வில், சகிக்கக்கூடிய பிந்துதல் வாத்தியத்தையும் மானிட்டரையும் பொறுத்து 42 மில்லி விநாடியிலிருந்து 1.4-க்கும் கீழேவரை மாறியது. பொதுவாகக் காலடி மானிட்டரைவிட இன்-இயருக்கே எல்லை கடுமை. கடையில் கிடைக்கும் புளூடூத் இயர்பட் நூறு மில்லி விநாடிக்கு மேல் பிந்துவது சாதாரணம். அதைப் போட்டுக்கொண்டு பாடுவது முன்சொன்ன தெருக்கம்பத்து ஸ்பீக்கரைக் காதுக்குள் கொண்டுவந்து கட்டுவதுதான்.

கைவசம் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது, காசும் ஆகாது. பாடகரைப் பாடச் சொல்லி, மானிட்டருக்குப் போகும் அவர் குரலின் துருவத்தை (போலாரிட்டி) மிக்சரில் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். எந்த நிலையில் குரல் கனமாகக் கேட்கிறதோ அது அவருக்கான நிலை. இது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துப் பாடகருக்குச் சரியாக இருந்தது இவருக்கும் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்ப்ரஸரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் பழமைவாதமாகத் தோன்றலாம். பல ப்ராசஸர்களில் ஒலியைக் கீழ், நடு, மேல் என்று பிரித்துத் தனித்தனியே அமுக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரஸர் இருக்கிறது. சினிமாப் பாட்டு சி.டி.யில் கேட்பதுபோல் மெருகாக்கும். முதல் நிமிடம் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் பாடகர் அழுத்திப் பாடும்போது காதில் அழுத்தம் கூடவில்லையென்றால் அவர் இன்னும் அழுத்துவார். லொம்பார் விளைவைத் தடுக்க வந்த கருவி அதையே வேறு வழியில் கிளப்பிவிடும். பாடகருக்கு லேசாக, இரண்டு மூன்று டெசிபல் அமுக்கினால் போதும். ட்ரம்ஸையும் ரிதம் பேடையும் எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கிக்கொள்ளலாம். கூடத்தில் பாடுவதுபோன்ற எதிரொலிப்பைத் தரும் ரிவர்ப் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. ஒன்றுமில்லாத வறண்ட குரல் எந்தப் பாடகரையும் பதற வைக்கும்.

மொத்த ஒலியளவு குறைவாக இருப்பதில் ஸ்ருதிக்கும் லாபம் உண்டு. ஒலி பலமாகும்போது கீழ்ச் சுரங்கள் காதுக்குச் சற்று இறங்கியே கேட்கின்றன என்று ஹார்வர்டின் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1935-இல் தூய ஒற்றைச் சுரங்களை வைத்து அளந்து காட்டினார். பாட்டில் இந்த விளைவு சிறிதுதான். ஆனாலும் ஸ்ருதி விஷயத்தில் சிறிதும் பெரிதே. அளவைக் கூட்டாமல் தெளிவைக் கூட்டும் வழி ஸ்டீரியோ. கீபோர்டை இடப்பக்கம், கிட்டாரை வலப்பக்கம், குரலை நடுவில் வைத்தால் மூளை திசையைப் பிடித்துக்கொண்டு மூன்றையும் பிரித்துக் கேட்கும். கல்யாண வீட்டுக் கூச்சலில் நம்மைக் கூப்பிட்ட குரலை மட்டும் நாம் பிடிப்பது அந்தத் திறமையால்தான்.

இதெல்லாம் இரண்டு காதிலும் கருவி இருந்தால். மேடையில் அதிகம் காண்பது, ஒரு காதில் போட்டு மறுகாதைத் திறந்து விட்டிருக்கும் பாடகர்களை. ரசிகர் கைதட்டல் கேட்கவில்லை, சுவருக்குள் நிற்பதுபோல் இருக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம், செய்வது ஆபத்து. திறந்த காதில் மேடை இரைச்சல் முழுசாக விழுகிறது. இரண்டு காதும் சேர்ந்து கேட்கும்போது கிடைக்கும் கூடுதல் பலமும் போய்விடுவதால், அடைத்த காதில் பல டெசிபல் ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு காதும் கெடும். மேடையின் இரு ஓரங்களில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்து, அந்த ஒலியை மானிட்டரில் மட்டும் கலந்து கொடுத்தால் கைதட்டலும் வரும், “ஒன்ஸ்மோர்” சத்தமும் வரும்.

எல்லோருக்கும் வயர்லெஸ் வாங்க வேண்டுமா? ட்ரம்ஸ், கீபோர்டு, தபேலா வாசிப்பவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை. அவர்களுக்கு ஒயரில் வரும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரே போதும். விலையும் குறைவு, அலை அறுந்துபோகிற பயமும் இல்லை. வயர்லெஸ் கூடக்கூட வேறு சிக்கல்: 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கருவிகள் ஓடினால் அவை ஒன்றோடொன்று கலந்து 499-இலும் 502-இலும் யாரும் கேட்காத இரண்டு அலைகளைப் பெற்றுப்போடும். மூன்றாவது கருவியை அங்கே வைத்தால் இரைச்சல்தான் வரும்.

நையாண்டி மேளத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது. நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நடந்துகொண்டே வாசிப்பவை. அவர்கள் காதுக்கும் காப்பு வேண்டும். அதற்கு எல்லாச் சுரங்களையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் இயர் பிளக்குகள் தனியாக வருகின்றன. மில்லில் கொடுக்கும் ஃபோம் மேல்ஸ்தாயியை அதிகமாக விழுங்கிவிடும்.

சவுண்ட் செக்குக்கு நேரம் எங்கே என்பது குழுக்கள் சொல்லும் நியாயமான காரணம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை அணைக்க வேண்டும். விசேஷங்களுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாள்வரை நள்ளிரவுவரை தளர்த்தலாம். சாமி புறப்பாடு முடிந்து மேடை கைக்கு வரும்போதே மணி ஏழரை ஆகியிருக்கும். இந்த இடத்தில்தான் இன்-இயர் தன் விலைக்கு ஈடு கட்டுகிறது. காலடி மானிட்டரை ஒவ்வொரு ஊரிலும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும், மேடையும் சுவரும் தெருவும் மாறுவதால். இன்-இயர் ஒலிக்கும் அறை பாடகரின் காதுக்குழாய். அது ராஜபாளையத்திலும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரே அளவுதான். ஒத்திகை நடக்கும் வீட்டிலேயே ஆளுக்கு ஆள் கலவையை அமைத்து மிக்சரில் சேமித்துக்கொள்ளலாம். பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்கு வந்து இறங்கினால் புதிதாகப் பார்க்க வேண்டியது மூன்று: கூட்டத்தைப் பார்க்கும் மைக்குகளின் அளவு, அந்த இடத்தில் இரைச்சலில்லாத வயர்லெஸ் அலைவரிசை, லிமிட்டர் அணைந்துவிடாமல் இருக்கிறதா என்பது.